கடலைப் பார்த்து நின்ற பலகை

அலை ஏறியது, இறங்கியது. அதன்மேல் மிதந்த எல்லாமும் கூடவே ஏறி இறங்கின. யாரோ விட்டுப்போன ஒற்றைச் செருப்பு, நுரைக்கட்டிகள், சிறகை மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கடற்பறவைகள், எல்லாம். அந்தக் கை மட்டும் ஏறவில்லை. அலை வரும்போது விரல்நுனி வரை முங்கியது, அலை வடியும்போது முழங்கை வரை தெரிந்தது. தண்ணீர்தான் அதைத் தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தது. கை நட்டுவைத்த கழிபோல நின்ற இடத்திலேயே நின்றது.

காவல் மேடையில் உட்கார்ந்திருந்த டீச்சர் தொலைநோக்கியை இறக்கி, கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். கழிதான் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள ஆசையாக இருந்தது. ஆனால் கழிக்கு ஐந்து விரல் இருக்காது.

அவள் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. அந்தக் கடற்கரையில் அவளும் அவள் கணவனும் உயிர்காப்பாளர்கள். குளிக்க வருகிறவர்களை எல்லாம் நிறுத்திவைத்து அவள் பாடம் நடத்துவாள் என்பதால் ஐஸ் வண்டிக்காரர் வைத்த பேர் அது, ஒட்டிக்கொண்டது. கணவனுக்கு நெட்டை என்று பேர், அதற்கு விளக்கம் தேவையில்லை. இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளை இருவரும் வாண்டு என்பார்கள். பள்ளி விட்டதும் வேன் அவளை இங்கேதான் இறக்கிவிட்டுப் போகும், மேடைக்கு அடியில் மணலில்தான் அவள் வீட்டுப்பாடம் எழுதுவாள்.

காலையில் வந்ததும் புருஷனும் பெண்டாட்டியும் கரையோரமாக நடந்து, கடலை முறைத்துப் பார்த்துவிட்டு, சிவப்பும் மஞ்சளுமாய் இரண்டு கொடிகளை நடுவார்கள். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் குளிக்க வேண்டும். அலை வெள்ளையாய் உடைகிற இடத்தில் அடியில் மணல் திட்டு இருக்கும், கால் பாவும். அங்கேதான் கொடி. பாறைப் பக்கமாக, அலையே உடையாமல் கரும்பச்சையில் ஒரு பாதை போட்டதுபோல் கிடக்கிறதே, கரைக்கு வந்த தண்ணீர் எல்லாம் திரும்பிப் போகிற வழி அது. அதற்கு இழுப்பு என்று பேர். ஆனால் குழந்தை குட்டியோடு வருகிற குடும்பம் எதுவும் வெள்ளை அலையைத் தேர்ந்தெடுப்பதில்லை. நேரே அந்தப் பச்சைக்குத்தான் நடக்கும்.

அன்று மதியம்கூட ஒரு தொப்பைக்காரர் சண்டைக்கு வந்தார். "என்னம்மா இது, அலை அடிக்கிற இடத்துல கொடிய நட்டுட்டு, அமைதியா இருக்கிற இடத்துக்குப் போகாதேங்கிறீங்க?"

"சார், அலை உடையுதுன்னா கீழ தரை இருக்குன்னு அர்த்தம். இது ஏன் அமைதியா இருக்கு, யோசிச்சீங்களா? திரும்பிப் போற தண்ணி உங்களையும் கூட்டிட்டுப் போயிடும்."

"நிறைகுடம் தளும்பாதுன்னு சொல்வாங்கல்ல சார்," என்றான் நெட்டை பக்கத்தில் நின்று. "இது அந்தக் குடம். உள்ள தலைய விட்டுப் பாக்காதீங்க."

இப்படித் தொண்டைத் தண்ணீர் வற்றும் வேலை குறையட்டும் என்றுதான் சில வருஷங்களுக்கு முன்பு எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்று கேட்டு அவள் நகராட்சி அலுவலகத்தின் படிகளைத் தேய்த்தாள். கடைசியில் ஆட்கள் வந்தார்கள். வெயிலில் அவசர அவசரமாகக் குழி வெட்டி, சிமெண்டைக் கொட்டி, பலகையை நட்டுவிட்டுப் போனார்கள். போன பிறகுதான் தெரிந்தது, எழுத்து கரையைப் பார்க்கவில்லை. பலகை கடலைப் பார்த்து நின்றது, அதுவும் இழுப்புக்கு நேர் எதிரே. 'பதற வேண்டாம். மிதந்திருங்கள். ஒரு கையை உயர்த்துங்கள். ஆள் வருவார்.' கூடவே கை தூக்கி மிதக்கும் ஒரு மனிதனின் படம். கரையில் வருகிறவர்களுக்கு அதன் முதுகுதான் தெரியும்.

டீச்சர் கொதித்துப் போனாள். நெட்டை விழுந்து விழுந்து சிரித்தான். "விடு டீச்சரம்மா. மனுஷன்தான் படிக்க மாட்டேங்கிறான். மீனாவது படிக்கட்டும்."

பலகையை யாரும் திருப்பவில்லை. வருஷக்கணக்காக அது கடலுக்கே பாடம் நடத்திக்கொண்டு நின்றது.

இப்போது, பொழுது சாய்ந்து, கூட்டம் கலைந்து, மிச்சமிருந்த சில குடும்பங்கள் துண்டை உதறிக்கொண்டிருந்த நேரத்தில், அந்தப் பலகைக்கு நேர் எதிரே, கரும்பச்சைத் தண்ணீரில், அந்தக் கை நின்றது.

"ஏங்க," என்றாள் டீச்சர் மேடையிலிருந்து.

நெட்டை கீழே, வாண்டு அலையில் படுத்து மிதக்கப்போகிற நுரைப்பலகைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். வாண்டு இதுவரை முழங்காலுக்கு மேல் தண்ணீரில் நின்றதில்லை. இன்றைக்கு அலைக்குள் கூட்டிப்போவதாக அப்பா சத்தியம் செய்திருந்தார். காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் படவில்லை.

அவன் ஏறி வந்து பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் மிதவையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"இருங்க. அது அசையல, பாருங்க."

"அசையலன்னா இன்னும் மோசம்."

"அதில்லங்க. அலையோட ஏறல. தலையும் காணோம்."

"கை தெரிஞ்சா போகணும் டீச்சரம்மா. நீதானே ஊருக்கெல்லாம் சொல்ற." அவன் ஏணியில் பாதி இறங்கிவிட்டான். "பாறைக்கு அந்தப் பக்கம் காவல் இருக்கிறவங்கள படகோட வரச் சொல்லு. நீ இறங்கிடாதே."

அதுவும் சட்டம்தான். ஒருவர் போனால் ஒருவர் இருக்க வேண்டும். என்ன நடந்தாலும் இருப்பவர் தண்ணீரில் இறங்கக் கூடாது, இரண்டு உயிர் போன இடத்தில் மூன்றாவது உயிரும் போகக் கூடாது என்பதற்காக.

வாண்டு ஓடிப்போய் அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்தாள். அது கோணலான விரல். எப்போதோ அலைச்சறுக்குப் பலகை அடித்து மடங்கியது, நிமிரவேயில்லை. சாவிக்கொத்து மாட்டலாம் என்று டீச்சர் கேலி செய்வாள். வாண்டுக்கு நடைபழகிய நாளிலிருந்து பிடிமானம் அதுதான். "தோ வந்துட்டேன், கொடிகிட்ட நில்லு," என்று விரலை உருவிக்கொண்டு அவன் ஓடினான்.

அவன் இழுப்புக்குள்ளேயே பாய்ந்தான். உயிர்காப்பாளர்களுக்கு மட்டும் அது ஓசி வண்டி, ஏறிப் படுத்தால் கொண்டுபோய் விடும். கரும்பச்சையில் அவன் தலை சீராகப் போவதைத் தொலைநோக்கியில் தொடர்ந்தபடி டீச்சர் வாக்கி-டாக்கியில் ஆளைக் கூப்பிட்டாள். "கிளம்பிட்டோம்" என்று பதில் வந்தது. பாறையைச் சுற்றிக்கொண்டு அவர்கள் வந்து சேர நேரமாகும். காற்று திசை மாறி, கடல் வாடை போய் வேறொரு வாடை அடித்தது. வெகுநாள் திறக்காத தொட்டியின் அடியில் தேங்கிய சேற்றின் வாடை. அவள் மூக்கைச் சுளித்தாள்.

நெட்டை நெருங்கினான். மிதவையை முன்னால் தள்ளினான், பிடித்துக்கொள் என்று.

கை மிதவையைப் பிடிக்கவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்தது.

முங்குகிறவன் பிடிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியும். பதறிப் பிடிப்பான், நகம் பதிய, கழுத்தில் ஏறப் பார்ப்பான். இது அப்படியில்லை. கதவைத் தாழ் போடுவதுபோல் நிதானமாக, ஒரே தடவை பிடித்தது. நெட்டை உள்ளே போனான். வெளியே வந்தான். தோள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை, கை முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. கத்த வாயைத் திறந்தான், தண்ணீர் புகுந்தது. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. இப்போது நெற்றி பிளந்து முகமெல்லாம் ரத்தம். துணியை அடித்துத் துவைப்பதுபோல் அதே இடத்தில் அவனை எதுவோ அடித்துக்கொண்டிருந்தது. கரும்பச்சை சிவந்தது. பிறகு அவன் வரவில்லை.

வார் அறுந்த மிதவை மட்டும் மேலே வந்து ஆடியது.

அதன் பக்கத்தில் இரண்டு கைகள் நின்றன. இரண்டாவதின் சுண்டுவிரல் கோணல். அலை வந்தது. இரண்டும் ஏறவில்லை.

டீச்சர் ஏணியில் பாதி இறங்கிவிட்டாள். 'நீ இறங்கிடாதே.' அந்தக் குரல்தான் அவளை நிறுத்தியது. வயிற்றிலிருந்து வந்த ஓலத்தை விசிலுக்குள் ஊதினாள். ஊதிக்கொண்டே கரையெல்லாம் ஓடினாள், கொடிகளைப் பிடுங்கி மணலில் எறிந்தாள், துண்டும் கையுமாய் நின்றவர்களைத் துரத்தினாள். தொப்பைக்காரர் என்னவோ கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஐஸ் வண்டி மணி அடித்துக்கொண்டே போய் மறைந்தது. திரும்பிப் பார்த்தபோது கடலில் கைகள் இல்லை. வெறும் பச்சை, தளும்பாமல்.

வாண்டை இழுத்துக்கொண்டுபோய் மேடையில் ஏற்றினாள்.

"அப்பா எங்கம்மா?"

"வேலையா போயிருக்காரு. வந்துடுவாரு."

"அலைக்குள்ள கூட்டிட்டுப் போறேன்னு சத்தியம் பண்ணாரே?"

"நீ இங்கருந்து இறங்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் சரி."

"அப்பா கூப்பிட்டா?"

டீச்சர் ஏணியைப் பார்த்தாள். கூடாது என்று சொன்னால் போதும். சொன்னால், அவன் இல்லை என்று அவளே ஒப்புக்கொண்டதாகிவிடும். குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. அந்த வீட்டில் வாண்டு பேசத் தொடங்கியதிலிருந்து ஓதி ஓதி வளர்த்த விதி ஒன்று இருந்தது, அதுவே வாயில் வந்தது.

"அப்பா வந்து கொடி நட்டா இறங்கு. கொடி இல்லாம தண்ணில கால் வெக்கக் கூடாது. தெரியும்ல?"

"தெரியும். அப்பா நட்ட கொடிக்கு நடுவுல. அப்பா கை தூக்கினா நானும் தூக்கணும்."

அப்போதுதான் தண்ணீரில் அவனைப் பார்த்தாள்.

முன்னைவிடக் கரைக்குப் பக்கத்தில், மல்லாந்து, முகம் வானத்தைப் பார்க்க, ஒரு கையை உயர்த்திக்கொண்டு மிதந்தான் நெட்டை. அலை வந்தது. அவனும் ஏறினான். அலை இறங்கியது. அவனும் இறங்கினான். அசைகிறது, அசைகிறது என்று அவள் வாய்விட்டே சொன்னாள். அசைகிற கை மனுஷக் கை. படகு இன்னும் பாறையைத் திரும்பி வரவில்லை. சட்டமாவது மண்ணாவது. இன்னொரு மிதவையை எடுத்துக்கொண்டு ஓடிப் பாய்ந்தாள்.

தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும் குளிர். சாயங்கால வெயில் குடித்த தண்ணீர் இவ்வளவு குளிராது என்று மனசின் ஒரு மூலை சொன்னது, அவள் கேட்கவில்லை. இழுப்பு அவளைத் தூக்கிக்கொண்டுபோய் அவன் பக்கத்தில் விட்டது. மார்புக்குக் குறுக்கே மிதவையைக் கட்டினாள். "இருக்கேன், இருக்கேங்க, கண்ணைத் திறங்க," என்று பிதற்றிக்கொண்டே, இழுப்பை எதிர்க்காமல் பக்கவாட்டில் நீந்தினாள், ஊருக்கெல்லாம் சொல்லித்தருவதுபோல். வெள்ளை அலைப் பக்கம் போகத்தான் கையை வீசினாள். ஆனால் போனது பாறைப் பக்கம். பின்னால் அவன் கால்கள் உதைப்பது தெரிந்தது. உயிர் இருக்கிறது! அந்த சந்தோஷத்தில், எந்தப் பக்கம் உதைக்கிறான் என்று அவள் பார்க்கவில்லை.

பாறைக்குப் பின்னால் ஒரு துண்டு மணலில் அவனை இழுத்துப் போட்டாள். மேடை அங்கிருந்து தெரியாது. இருட்டு பாறைகளுக்கு இடையில் முதலிலேயே வந்திருந்தது. அவன் வாயைத் திறந்து விரலை விட்டாள், மணல். வழித்துப் போட்டாள், இன்னும் மணல். வழிக்க வழிக்க வந்தது, நாக்கு தட்டுப்படவேயில்லை. மார்பை அழுத்தினாள். எலும்பு அழுந்தவில்லை, ஈர மூட்டைபோல் அமுங்கியது. சேற்று வாடை குப்பென்று எழுந்தது. நெற்றியைப் பார்த்தாள். காயம் இல்லை. சற்றுமுன் பிளந்திருந்த இடம் வழுவழுவென்று இருந்தது.

அவன் கண்ணைத் திறந்தான்.

"பதற வேண்டாம்," என்றான்.

நெட்டை அப்படிப் பேச மாட்டான். இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அப்படிப் பேசியதில்லை.

"டீச்சரம்மான்னு சொல்லுங்க," என்றாள். "ஒரே ஒரு தடவை சொல்லுங்க."

"மிதந்திருங்கள்," என்றான். "ஒரு கையை உயர்த்துங்கள்."

அவள் பின்னால் நகர்ந்தாள். அவன் கை வந்து அவள் கழுத்தைப் பிடித்தது. நிதானமாக. தாழ் போடுவதுபோல். கண்ணுக்குக் கீழே அவன் சுண்டுவிரல் தெரிந்தது. நேராக இருந்தது.

கடித்தாள். வாய் நிறைய மணல். கண்ணில் குத்தினாள், விரல் முட்டிவரை உள்ளே போயிற்று, ஈரமாய், குளிராய், அவன் இமைக்கக்கூட இல்லை. அவள் வலக்கையைப் பிடித்து, சுள்ளியை ஒடிப்பதுபோல் ஒடித்தான். அந்தச் சத்தத்தை அவள் கேட்டாள், வலி பிறகுதான் வந்தது. தலைமுடியைப் பிடித்துத் தூக்கி முகத்தைப் பாறையில் மோதினான். பல் உடைந்தது. மறுபடி. கழுத்தில் எதுவோ நொறுங்கியது, உள்ளே, சின்னதாக. மூச்சு அடைத்தது. அவன் விட்டுவிட்டான். கொல்ல வேண்டும் என்று அவனுக்கு இருக்கவில்லை. அவள் கத்தக் கூடாது, அவ்வளவுதான்.

அவன் எழுந்து பாறையைச் சுற்றி நடந்தான். நடையும் நெட்டையின் நடையே. தோளைச் சற்றுக் கூனிக்கொண்டு.

வாண்டு.

டீச்சர் ஊர்ந்தாள். ஒடிந்த கை பின்னால் இழுபட்டு வந்தது. ஒரு கண்ணை ரத்தம் மூடிவிட்டது. பாறையின் விளிம்பைப் பிடித்துத் தலையை நீட்டினாள்.

மேடை தெரிந்தது. மேடையில் ஒரு சின்ன உருவம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

கீழே மணலில் அவன் கொடிகளைப் பொறுக்கினான். முதல் கொடியைப் பச்சைக்கு இந்தப் பக்கம் நட்டான். காலால் மணலை அணைத்தான், நெட்டை அணைப்பதுபோலவே. இரண்டாவதை அந்தப் பக்கம் நட்டான். நடுவில் அலையே இல்லாத தண்ணீர். அதற்கு எதிரே அந்தப் பலகை, முதுகைக் கரைக்குக் காட்டிக்கொண்டு.

அவள் விசிலை வாயில் வைத்தாள். ஊதினாள். உடைந்த பல்லுக்கு நடுவே ரத்தம் குமிழி விட்டது. சத்தம் இல்லை. மறுபடி ஊதினாள். உஸ்ஸென்று காற்று. அதுகூட அலைச் சத்தத்தில் போயிற்று.

வாண்டு நுரைப்பலகையை முதலில் கீழே போட்டாள். பிறகு ஏணியில் திரும்பி நின்று, பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். அம்மா சொன்னபடியே. அப்பா கொடி நட்டபிறகு.

அவன் கொடிகளுக்கு நடுவே முழங்கால் தண்ணீரில் நின்று கரையைப் பார்த்துத் திரும்பினான். ஒரு கையை உயர்த்தினான். அவனுக்குப் பின்னால் பச்சைத் தண்ணீரில் ஒரு கை எழுந்தது. கோணல் சுண்டுவிரல். அதன் பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று. பெரியவை, சிறியவை, வளையல் போட்டவை. அந்தி வெளிச்சத்தில் கடல் தூரம்வரை கைகள். அலை வந்து அவற்றைத் தாண்டிப் போயிற்று. ஒன்றும் ஏறவில்லை.

வாண்டு மணலில் ஓடினாள். கொடிகளுக்கு நடுவே தண்ணீர் விளிம்பில் ஒரு கணம் நின்றாள். பிறகு, இத்தனை நாளும் சொல்லிக்கொடுத்திருந்தபடி, சிரித்துக்கொண்டே, பதிலுக்குத் தன் கையை உயர்த்தினாள்.